வாளி பூட்டிய பழைய உழவு இயந்திரம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் போகும்போது அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது: “சுவாமி, முன்னுக்கு வாளி பூட்டின சின்ன மெசின் ஒண்டு விலைக்கு நிக்குது. எடுக்கலாமோ?”

கேட்பவர்களின் ஆசை எமக்கு விளங்குகிறது. 1990இலும் 1995இலும் 2009இலும் விட்டுப் போன காணிகளுக்குத் திரும்பி வந்தவர்கள் அங்கே வயலையும் தோட்டத்தையும் காணவில்லை. பற்றைக்காடு, இடிந்த சுவர், தூர்ந்த கிணறு, பங்கர்க் கிடங்கு, போர்க்காலத்து மண் அணை, இவற்றைத்தான் கண்டார்கள். மண்வெட்டியால் மாதக்கணக்கில் செய்கிற வேலையை லோடர் வாளி ஒரு பகலில் முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் மனம் போவது இயற்கை. ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் அடைவு வைத்த நகையாகவோ, லீசிங் கடனாகவோ, வெளிநாட்டில் பிள்ளை அனுப்பிய காசாகவோ இருக்கிறது. கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாமும் முதலில் உட்காருவோம்.

எத்தனை மணித்தியால வேலை?

இரண்டு ஏக்கர் வயல் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உழவு, மறுத்து உழவு, மட்டம் எல்லாவற்றுக்கும் ஏக்கருக்கு 4 மணித்தியாலம் என்று தாராளமாகவே வைப்போம். காலபோகமும் சிறுபோகமும் செய்தாலும் ஆண்டுக்கு 16 மணித்தியாலம்தான். மிகுதி நாளெல்லாம் மெசின் மரநிழலில் நிற்கும், கடன் நிற்காது. ஆகவே தனியொரு குடும்பம், கூலி உழவுக்குப் போகும் எண்ணமும் இல்லையென்றால், நான்கு சில்லு இயந்திரம் எதையும் வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து. நல்ல நிலையிலுள்ள ஒரு லாண்ட்மாஸ்டர் போதும். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் நாலைந்து பரப்புத் துண்டுகளுக்குள் பெரிய மெசின் திரும்பவே இடமில்லை. அங்கே பல இடங்களில் மண்ணின் ஆழமும் குறைவு. கொஞ்சம் கூட இறக்கினால் வாளியின் அலகு சுண்ணக்கல்லில் முட்டும்.

அதே கணக்கை ஆறு குடும்பங்களுக்குப் போடுங்கள். 12 ஏக்கர், ஆண்டுக்கு 96 மணித்தியாலம். அதோடு பெட்டி இழுப்பது, எரு ஏற்றுவது, கூலிக்கு ஓடுவது எல்லாம் சேரும்போது ஒரு சிறு நான்கு சில்லு மெசினுக்கு நியாயம் கிடைக்கிறது. மாடு வளர்ப்பவர்கள் சேர்ந்திருந்தால் வாளிக்கும் நியாயம் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது எருவின் பெறுமதியை நாம் எல்லோரும் திரும்பப் படித்தோம். எருவைக் குவித்து, பிரட்டி, பெட்டியில் ஏற்றுவது ஆண்டுதோறும் வரும் வேலை. பங்கர் மூடுவதும் பற்றை தள்ளுவதும் அப்படியல்ல. ஒரு முறை செய்தால் முடிந்தது. ஒரு முறை வேலைக்கு வாளியை வாங்காதீர்கள். பெரிய மெசினை இரண்டு நாள் கூலிக்குப் பிடியுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மண் அணையையும் பங்கரையும் எந்த மெசினாலும் தொடுமுன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு நிச்சயப்படுத்துங்கள். ஒப்படைக்கப்பட்ட காணியென்றாலும், குவிந்து கிடக்கும் அணையின் உள்ளே என்ன புதைந்திருக்கிறது என்பது மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வாளியில் இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டால் எஞ்சினை நிறுத்தி, வந்த தடத்திலேயே நடந்து வெளியே வந்து, பொலிசுக்கு அறிவியுங்கள். இறங்கிக் கையால் எடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

நாம் ஏமாந்த விதம்

எமது பங்கில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இப்படியொரு மெசின் வாங்கின. பேச்சுவார்த்தைக்கு நாமும் கூடப் போனோம். புதுச் சிவப்பு வர்ணம் மினுங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெசின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரி வாளியை உயர்த்தி இறக்கிக் காட்டினார்; வெறும் வாளி. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மூன்றாம் கிழமை, ஈர மண் ஏற்றும்போது முன்னச்சு ஒரு பக்கம் சரிந்தது. கழற்றிப் பார்த்தால், நடுப் பின் இருக்கும் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. கிளச் வீட்டில் பழைய வெடிப்பை ஒட்டி, மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். திருத்தி முடிய நான்கு மாதம். அந்தக் காலபோகத்துக்கு அந்த ஆறு குடும்பங்களும் வேறு மெசினைக் கூலிக்குப் பிடித்துத்தான் விதைத்தன. வியாபாரியைக் குறை சொல்லலாம். ஆனால் ஓட்டத் தெரிந்தவரைக் கூட்டிப் போன நாம், கழற்றத் தெரிந்தவரைக் கூட்டிப் போகவில்லை. அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண் செலவல்ல.

அந்த அச்சு ஏன் சரிந்தது என்பதை விளங்கிக்கொண்டால், பழைய லோடர் மெசினில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். உழவு இயந்திரம் பின்னால் இழுப்பதற்காகவே ஆக்கப்பட்டது. பாரம் பின்சில்லில் இருக்கும், முன்சில்லு திருப்புவதற்கு. வாளி பூட்டியதும் பாரம் முன்னச்சுக்கும் முன்னால் போய்த் தொங்குகிறது. அப்போது முன்னச்சு இரட்டிப்பாகச் சுமக்கிறது. பின்சில்லு இலேசாகி வழுக்குகிறது. ஈர மண் கன மீற்றருக்கு இரண்டு தொன் அளவு நிறை. 20, 25 குதிரைவலுச் சிறு இயந்திரங்களின் லோடர்கள் பெரும்பாலும் 200 முதல் 400 கிலோ வரைதான் தூக்கும். அதாவது கால் கன மீற்றர் ஈர மண்ணே அதற்கு அதிகம். காய்ந்த எரு என்றால் குவித்து அள்ளலாம். மண் என்றால் அரை வாளிதான். முன்னைய சொந்தக்காரர் எதை அள்ளினார் என்பதை அச்சு சொல்லும்.

முன்பக்கத்தை ஜக் வைத்து உயர்த்துங்கள். கீழே கட்டை வைத்த பின்பே கிட்டப் போங்கள். சில்லை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் சில்லின் பெயாரிங்கிலா, திருப்புத் தண்டிலா, நடுப் பின்னிலா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்வார். பெயாரிங் என்றால் சிறு செலவு; விலையைக் குறைத்துக் கேட்கலாம். நடுப் பின் துளை தேய்ந்திருந்தால் விட்டு விடுங்கள். அடுத்து லோடரின் சட்டம். கம்பனியில் செய்த நல்ல லோடரின் சட்டம் பாரத்தைப் பின்னச்சுப் பக்கம் வரை கொண்டு போய்ப் பிடித்திருக்கும். பட்டறையில் ஒட்டிய சில லோடர்கள் முன்பக்கத்திலோ கிளச் வீட்டிலோ மட்டும் பூட்டப்பட்டிருக்கும். நடு உடம்பு வெடிப்பது அதனால்தான். போல்ட் துளைகளைச் சுற்றியும் ஒட்டுகளிலும் சேற்றைத் துடைத்துவிட்டு, ரோச் அடித்துப் பாருங்கள். புதிய வர்ணத்துக்கு மயங்காதீர்கள். வர்ணம் உரிந்த பழைய மெசின் எமக்கு அதைவிட நம்பிக்கை தரும்.

வாளியைப் பாதியளவு மண்ணோடு இடுப்புயரம் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். சிறிது இறங்குவது வழமை. கண் முன்னே இறங்கினால் சிலிண்டரின் சீலோ வால்வோ போய்விட்டது. சிலிண்டர்த் தண்டு கீறல் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிலைக்காது. ஒயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அமுக்கத்தில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினது போலத் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கையையே இழக்கலாம்.

எஞ்சினும் கியரும்

காலையில், சொல்லாமல் போங்கள். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் ஸ்ரார்ட் பண்ணக் கஷ்டமான மெசினை உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆற விட்டுப் பிறகு பாருங்கள். நீலப் புகை எஞ்சின் ஒயிலை எரிக்கிறது என்பதற்கு அடையாளம். சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை சில வேளை காற்று வடிகட்டி அடைத்ததாலும் வரும். அது பெரிய குற்றமல்ல. ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் அடுப்புப் போல் புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தவை.

வடக்கில் பலர் பழகிய மெஸி 135, 240 வகைகளில் கியர்ப் பெட்டிக்கும் பின் தூக்கிக்கும் ஒரே ஒயில்தான். சேற்று வயலில் தண்ணீர் உள்ளே போனால் அது பால் தேநீர் நிறமாகும். அந்த ஒயில் இரண்டையும் கெடுக்கும். இவற்றின் மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பது பெரிய வசதி. 45 குதிரைவலு அளவான 240 போன்றவை இரண்டு ஏக்கருக்குப் பெரிதுதான். ஆனாலும் பாகம் கிடைக்காத சிறிய மெசினைவிடப் பாகம் கிடைக்கிற பெரிய மெசின் மேல் என்று சொல்லும் கமக்காரரை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஜப்பானில் பாவித்த குபோட்டா, யன்மார், இசேக்கி சிறு இயந்திரங்கள் சிறு வயலுக்கு அளவானவை. டீசலும் குறைவாகக் குடிக்கும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கு ஆக்கிய மாதிரிகளின் பாகங்கள் மற்ற நாடுகளில் விற்ற மாதிரிகளோடு எப்போதும் பொருந்தாது. மாதிரி இலக்கத்தை எழுதிக்கொண்டு போய், வடிகட்டி, கிளச் தட்டு, தண்ணீர்ப் பம்பு மூன்றும் எடுக்கலாமா என்று கடையில் கேட்ட பிறகு விலை பேசுங்கள். நான்கு சில்லும் இழுக்கும் வகையென்றால் முன், பின் ரயர்களின் அளவு ஒன்றுக்கொன்று கணக்காக இருக்க வேண்டும். கிடைத்த ரயரைப் பூட்டி ஓடிய மெசினில் முன்னச்சுக் கியர்கள் அடிபட்டிருக்கும்.

புத்தகம் இல்லாத மெசின்

2009இல் வன்னியில் கைவிடப்பட்ட இயந்திரங்கள் எத்தனையோ. எரிந்ததன் கியர்ப் பெட்டியும், இன்னொன்றின் எஞ்சினும், மூன்றாவதன் புத்தகமும் சேர்ந்து ஒரு மெசினாக நிற்பது உண்டு. மலிவாக வரும். அது இன்னொரு குடும்பம் அழுதுகொண்டு விட்டுப் போன மெசினாக இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மனச்சாட்சி ஒருபுறமிருக்க, சட்டமும் விடாது. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் துடைத்து வாசித்து, பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அரம் போட்ட தடம் இருந்தால் வேண்டாம். சான்றிதழில் நிதி நிறுவனம் ஒன்று முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால் லீசிங் இன்னும் நீக்கப்படவில்லை. அதை நீக்கிய கடிதம் வரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம். குழுவாக வாங்குபவர்கள் யார் பெயரில் பதிவது, யார் ஓட்டுவது, முதல் மழைக்கு யாருடைய வயல் முதலில் என்பதை எழுதிக் கையெழுத்து வையுங்கள். நாம் கண்ட சண்டைகளில் பாதிக்கு மேல் கடைசிக் கேள்வியில்தான் தொடங்கின.

வாங்கி வந்த பின், பின்னால் பாரம் கட்டாமல் லோடர் வேலை செய்யாதீர்கள். கொங்கிறீற்றுக் கட்டையோ கல் நிரப்பிய இரும்புப் பெட்டியோ போதும். நிறைந்த வாளியை நிலத்தோடு ஒட்டியே கொண்டு போங்கள். உயர்த்தியபடி வரம்பு கடந்தால் பக்கவாட்டில் கவிழும். மாங்காய் பிடுங்கவென்று பிள்ளைகளை வாளியில் ஏற்றித் தூக்குவதைப் பார்த்திருக்கிறோம். ஒரு குழாய் வெடித்தால் போதும். தூக்கிய வாளியின் கீழ் பெரியவர்களும் நிற்கக் கூடாது.

முதல் உழவுக்கு முன் எஞ்சின், கியர், ஹைட்ரோலிக் ஒயில்களையும் வடிகட்டிகளையும் மாற்றிவிடுங்கள். பழையவர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். மாற்றிய திகதியையும் மணிக்கூட்டின் இலக்கத்தையும் மட்காட்டின் உள்பக்கத்தில் வர்ணத்தால் எழுதி வையுங்கள். மணிக்கூடு ஓடாவிட்டால், ஓட்டுகிறவர் ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைக் கொப்பியில் குறிக்கட்டும். கொப்பி மெசின் திறப்போடு ஒரே ஆணியில் தொங்கட்டும்.