வீட்டு நாயும் வாசல் கள்ளியும்

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கிராண்ட் கேன்யன் படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றை எடுத்தது நீதான் என்று சொல்லவும் அவற்றில் ஒன்றுமில்லை. நடுவே ஒரு படம் இருந்ததே, உன் கறுப்பு நாய் கொல்லைச் சுவரின் நிழலில் படுத்தபடி காடைக் கூட்டத்தைப் பார்க்கிற படம், அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டூசானில் எங்கள் வீட்டைச் சுற்றி முள்ளும் புழுதியும்தான். நல்ல படம் எடுக்க எங்கே போகலாம்?" என்று கேட்டிருக்கிறாய். எங்கும் போகாதே. கேமராவோடு அரிசோனாவுக்கு வருகிற நம் பிள்ளைகள் பலரும் இதையே கேட்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நாய். நின்றுகொண்டு எடுக்காதே, தரையில் படு. எலியட் எர்விட் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த படத்தைத் தேடிப் பார். ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள், பக்கத்தில் பூட்ஸ் அணிந்த மனிதக் கால்கள், ஓரத்தில் தொப்பி போட்ட குட்டி சிவாவா. மனித முகம் எங்குமே இல்லை. குட்டி நாயின் உயரத்துக்குக் கேமரா இறங்கியதால் கிடைத்த படம் அது.

கறுப்பு நாய் என்பதால் வெளிச்சக் கணக்கும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் முழுக்க நாய் நிறைந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்துக்கொள். அதே நாய் வெளிறிய மணலில் தூரத்தில் நின்றால், மணலின் பிரகாசம் கேமராவை ஏமாற்றி நாயை விவரமில்லாத கறுப்புத் திட்டாக்கிவிடும். அப்போது கூட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடச் சுவர் நிழல் நல்லது. எதிரே திறந்த வானம் இருந்தால் நாயின் கண்ணில் ஒளி தானாகவே வந்து நிற்கும்.

கோடையில் வெயில் ஏறிய பிறகு படத்துக்காக நாயைத் தார்ச்சாலையில் இறக்காதே. 2023-ல் பக்கத்து பீனிக்ஸில் பகல் வெப்பம் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அதற்கு மேலோ தொட்டது; நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸ். சாலையில் புறங்கையை வைத்துப் பார். உன்னால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

நாயிடம் நீ கற்க வேண்டியது இன்னொன்று உண்டு. தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். போதும் என்று அது சொல்கிறது. உடனே கேமராவை இறக்கு. வீட்டுப் பிராணி ஒன்றின் மறுப்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் காட்டுப் பிராணியின் மறுப்பும் புலப்படும். முயல் மேய்வதை நிறுத்திக் காதை நிமிர்த்தி அசையாமல் நின்றால், அது உனக்காக போஸ் கொடுக்கவில்லை. அலகில் இரையோடு வந்த பறவை கூட்டுக்குப் போகாமல் கிளையிலேயே நின்று கத்தினால், உன்னால் அதன் குஞ்சுகள் பசியோடு காத்திருக்கின்றன. பின்வாங்கு. கூடு நன்றாகத் தெரிய வேண்டுமென்று ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காதே. அந்தச் சுள்ளிதான் குஞ்சின் தலைக்கு நிழல்.

இப்போது உன் வாசலுக்கு எதிரே நிற்கும் சவாரோ கள்ளி. அதற்குக் கைகள் முளைத்திருக்கின்றன என்று எழுதியிருந்தாய். சவாரோவுக்கு முதல் கை முளைக்கவே பெரும்பாலும் 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். 150 ஆண்டுகளையும் தாண்டி வாழும். அரிசோனா ஒரு மாநிலமானது 1912-ல்தான். உன் வாசலில் நிற்பது அதைவிட மூத்ததாகவே இருக்கலாம். அதைச் சாயங்கால வானத்துக்கு முன் கறுப்பு நிழலுருவாக ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு, முடிந்தது என்கிறாயே!

வசந்தத்தின் கடைசியில் அதன் உச்சியில் வெள்ளைப் பூக்கள் வரும். ஒவ்வொரு பூவும் இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். இரவில் வௌவால்கள் வரும், விடிந்ததும் தேனீக்களும் வெள்ளைச்சிறகுப் புறாக்களும் வரும். ஜூன் கடைசியில் பழம் வெடித்துச் சிவப்புச் சதை தெரியும். இந்த மண்ணின் தொஹோனோ ஓதாம் மக்கள், பட்டுப்போன சவாரோவின் உள்விலாக் கழிகளைக் கட்டி நீளமாக்கி, அந்தப் பழங்களைப் பறிப்பார்கள். பிறகு மழைக்காலம் வரும். தண்டின் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். வறட்சியில் மறுபடி ஒடுங்கும். கீலா மரங்கொத்தி குடைந்த பொந்தின் உட்புறத்தைக் கள்ளி தன் சாற்றால் கெட்டியாக்கிக்கொள்ளும். மரங்கொத்தி விட்டுப்போனதும், உலகின் மிகச் சிறிய ஆந்தைகளுள் ஒன்றான எல்ஃப் ஆந்தை அதில் குடியேறும். இத்தனையும் நடப்பது நீ காபி குடிக்கிற ஜன்னலுக்கு எதிரே.

வீட்டு வாசலில் இருப்பதை எடுப்பது சின்ன வேலை என்று நினைக்காதே. ஓஷியானோ மணற்குன்றுகளை 1936-ல் எடுத்துப் புகழ்பெற்ற எட்வர்ட் வெஸ்டன், தன் வீட்டுப் பூனைகளையும் அதே அக்கறையோடு எடுத்தார். அந்தப் படங்கள், காரிஸ் வில்சனின் எழுத்தோடு 1947-ல் புத்தகமாயின. வெஸ்டனின் ஆவணத் தொகுப்பு இருப்பது உன் ஊரிலேயே, அரிசோனா பல்கலைக்கழகத்தின் 'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் போட்டோகிராஃபி'யில். 1975-ல் அதை நிறுவியவர்களில் ஒருவர் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். புதிய லென்ஸ் வாங்கும் முன் அங்கே போய் அசல் அச்சுகளைப் பார்.

சில எச்சரிக்கைகள். நாயோடு போகும்போது பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். சோயா கள்ளியின் முள்ளுருண்டை பாதத்தில் ஒட்டினால் கையால் பிடுங்காதே, சீப்பால் தட்டிவிடு. மழைக்கால இரவுகளில் வெளிவரும் பெரிய சோனோரன் தேரையை நாய் கவ்வினால் உயிருக்கே ஆபத்து. படம் அழகாக வரும் என்று கயிற்றை அவிழ்க்காதே. கயிறு படத்தில் விழுந்தால் விழட்டும். சவாரோ தேசியப் பூங்காவின் மண் பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. கயோட்டியையும், காட்டுப்பன்றி போன்ற ஹாவலீனாவையும் இரை போட்டு அழைத்துப் படமெடுப்போர் உண்டு. உங்கள் பிமா கவுண்டியில் அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது. மனிதர் கையில் தின்னப் பழகிய விலங்கு கடைசியில் பெரும்பாலும் கொல்லப்படுகிறது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். மாதம் ஒருமுறை, அதே இடத்திலிருந்து, அதே லென்ஸில், அந்தச் சவாரோவையும் அதன் அருகே உன் நாயையும் சேர்த்து எடு. முள்ளுக்கு எட்டாத தூரத்தில் நிற்கட்டும். ஓராண்டில் கள்ளி பருத்து ஒடுங்குவது தெரியும். சில ஆண்டுகளில் நாயின் முகவாய் நரைப்பது தெரியும். நாய்க்கு 12, 13 ஆண்டுகள்தான் ஆயுள். கள்ளி உனக்குப் பிறகும் நிற்கும். இந்த இரண்டையும் ஒரே படத்தில் வைக்க உன்னைத் தவிர யாராலும் முடியாது, ஏனென்றால் அங்கே குடியிருப்பவள் நீ. இந்த மாதமே தொடங்கு. ஒவ்வொரு படத்தையும் காகிதத்தில் அச்சிட்டுப் பின்பக்கம் தேதி எழுதி வை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பாதே.