ஒரு சொல்லுக்காக ஐந்து முறை நாடுகடத்தல்

கேள்வி: எங்கள் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, இயேசு தந்தையோடு ‘ஒரே பொருளானவர்’ என்கிறோம். இந்தச் சொல்லுக்காக ஒருவர் ஊர் ஊராக விரட்டப்பட்டாராமே, யார் அவர்?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அவர் புனித அத்தனாசியுஸ், எகிப்தின் அலெக்சாந்திரியா நகர ஆயர். அதே நகரத்துக் குருவான ஆரியுஸ், மகன் படைக்கப்பட்டவர், தந்தைக்குச் சமமில்லை என்று போதித்தார். 325-இல் நீசேயா பொதுச்சங்கம் அதை மறுத்து, ‘ஒரே பொருள்’ என்ற சொல்லை உறுதி செய்தது. அங்கே இளம் திருத்தொண்டராகப் போயிருந்த அத்தனாசியுஸ் 328-இல் ஆயரானார். தானே படைக்கப்பட்ட ஒருவரால் நம்மைக் கடவுளோடு எப்படிச் சேர்க்க முடியும் என்பதே அவருடைய வாதம். பேரரசர்கள் மாறினார்கள்; அவர் மாறவில்லை. ஐந்து முறை, மொத்தம் சுமார் 17 ஆண்டுகள், ஊரைப் பிரிந்து வாழ்ந்தார்.

படகோடு வாழும் உங்கள் ஊருக்குப் பிடிக்கும் ஒரு சம்பவத்தைப் பழைய திருச்சபை வரலாறு சொல்கிறது. நைல் நதியில் அவரைப் பிடிக்கப் படகில் துரத்தி வந்தார்கள். அவரோ தம் படகைத் திருப்பி, அவர்களுக்கு எதிராகவே வந்தார். ஆள் தெரியாமல் அவரைப் பற்றி விசாரித்தார்கள். பக்கத்தில்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது. அவர்கள் வேகமாகக் கடந்து போனார்கள்.

373-இல் அவர் மறைந்தார். ஞாயிறன்று அந்த வரி வரும்போது நிதானமாகச் சொல்லுங்கள். அதற்காக ஒருவர் தம் வாழ்நாளையே கொடுத்திருக்கிறார்.