நமது நகரின் நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்



விடுமுறைக்கு வரும் நம் உறவினரின் பிள்ளைகள் பாரிஸ் லூவர் மாளிகையைப் பற்றியும் லண்டன் நூதனசாலையைப் பற்றியும் கதைக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆவலோடு கேட்கிறார்கள். நல்லதே. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் பிள்ளை, கறுவாத் தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலையை ஒரு தடவையேனும் பாராமல் வளர்வது பெருங்குறை அல்லவா?

ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்த இந்நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன்.

அங்கே முதலில் தேட வேண்டியது ஒரு கல். 1911இல் காலி நகரில், மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனச் சக்கரவர்த்தியின் பெயரால் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ நாட்டிய கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறப்படுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என வழங்கிய காணிக்கைகள் மூவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

1983 ஜூலையில் வீடு வாசல் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. "இந்த நகரில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று பிள்ளை கேட்கலாம். நீண்ட விளக்கம் வேண்டாம். இக்கல்லின் முன் நிறுத்துங்கள். தேய்ந்த வரிகளில் தனக்குத் தெரிந்த எழுத்தைத் தேடட்டும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்தவனும் இத்தீவில் தமிழில் பேச வேண்டியிருந்தது. பிறர் மொழிக்கும் பக்கத்திலேயே இடம் இருந்தது. இவ்விரண்டையும் பிள்ளை ஒருங்கே கற்கட்டும்.

பின்பு பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலைகளைக் காட்டுங்கள். நடராசரும், தாளம் ஏந்திய காரைக்கால் அம்மையாரும் அங்கே உள்ளனர். அயலவர் வணங்கும் உருவங்களை மரியாதையோடு நோக்கப் பழக்குவதும் பெற்றோரின் கடமையே. கண்டி அரசரின் சிம்மாசனத்தையும் தவறவிடாதீர்கள். 1693இல் ஒல்லாந்தர் பரிசளித்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று, 1934இல் திரும்பி வந்தது. அதில் இறுதியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன். வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட முயலாதீர்கள். மூன்று பொருள்கள் போதும். கொப்பியும் பென்சிலும் கொடுத்து, விரும்பியதை வரையச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் குடும்பமாகக் கலந்துரையாட:

1. ஒரே கல்லில் மூன்று மொழிகளை ஏன் பொறித்தார்கள்?

2. அத்தகைய கல்லை இன்று நாம் நாட்டினால் எம்மொழிகளில், என்ன எழுதுவோம்?

3. நம் வீட்டில் பேணிவைக்க வேண்டிய பழைய பொருள் எது? அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?