777 போடுவதற்கு முன்

விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: பார்ட்டிஷன் திறக்கிறது, ஆனால் அதில் எதையும் எழுத முடியவில்லை. சூடோவோடு சிஎச்மோட் 777 கொடுத்தும் பார்த்திருப்பார்கள். நான் முதலில் கேட்பது, அது எந்த ஃபைல் சிஸ்டம் என்றுதான். ஃபைண்ட்எம்என்டி கட்டளை அதையும், என்னென்ன ஆப்ஷன்களோடு மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதையும் காட்டிவிடும்.

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் லினக்ஸ் உரிமையாளரைக் குறித்துவைக்க இடமே கிடையாது. என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக மவுண்ட் செய்த என்டிஎஃப்எஸ்ஸிலும் சிஎச்மோட் வழக்கமாக எடுபடாது. உரிமையாளரையும் அனுமதிகளையும் மவுண்ட் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். எஃப்எஸ்டேப் கோப்பில் யுஐடி=1000, ஜிஐடி=1000, டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133 என்று எழுதி, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் போதும்.

பிழைச் செய்தி 'ரீட்-ஒன்லி' என்று சொன்னால் அனுமதிகளைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், கணினியை முழுதாக அணைப்பதில்லை; அதனால் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் லினக்ஸில் ரீட்-ஒன்லியாக மவுண்ட் ஆகலாம். விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டு, ஒழுங்காக ஷட்டவுன் செய்யுங்கள். லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் திடீரென்று ரீட்-ஒன்லி ஆனால் விஷயம் வேறு: வட்டில் கோளாறு இருக்கலாம். முக்கியமானவற்றை உடனே வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எக்ஸ்ட்4-இல் உரிமையாளர் பெயர் பதிவாவதில்லை, எண்தான் பதிவாகிறது. பழைய கணினியில் 1001 ஆக இருந்தவர் புதியதில் 1000 ஆக இருந்தால், தன் கோப்புகளுக்கே அந்நியராகிவிடுவார். எல்எஸ் பட்டியலில் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரிந்தால் இதுதான் காரணம். சிஎச்ஓன் இங்கே வேலை செய்யும், ஆனால் மவுண்ட் செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் அது அடியில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்குப் போய்ச்சேரும். மேலே பார்ட்டிஷன் வந்து அமர்ந்ததும் மறைந்துவிடும். நிறைய பேர் மணிக்கணக்கில் அல்லாடுவது இந்த இடத்தில்தான்.

எக்ஸ்ட்4 முழுவதற்கும் 777 போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எது இயங்கக்கூடிய கோப்பு, எது தனிப்பட்டது என்ற விவரம் மொத்தமும் அழிந்துபோகும். எல்லாருக்கும் திறந்து கிடக்கும் தனிச்சாவியை எஸ்எஸ்எச் ஏற்கவே ஏற்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெப் சர்வரால் மட்டும் கோப்பைப் படிக்க முடியவில்லையா? நேம்ஐ -எல் போட்டு, பாதையிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் பாருங்கள். மீடியா ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்யும் இடத்துக்குள் பெரும்பாலும் அந்தப் பயனர் மட்டுமே நுழைய முடியும். அப்படிப்பட்ட பார்ட்டிஷனை எஃப்எஸ்டேப் வழியாக வேறு ஃபோல்டரில் மவுண்ட் செய்துவிடுங்கள்.