சயாட்டிகா வலியும் கைரோபிராக்டிக் சிகிச்சையும் – வணிகர்கள் அறிய வேண்டியவை



மாதிரி பார்க்காமல் நாம் ஒரு மூட்டைச் சரக்கைக்கூட வாங்குவதில்லை. ஆனால் இடுப்பு வலி வந்துவிட்டால், யாரோ சொன்னார் என்று முதுகை யாரிடமும் ஒப்படைத்து விடுகிறோம். காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருப்பவர்களும், மூட்டை சுமப்பவர்களும் நிறைந்தது நம் தொழில். அதனால் சயாட்டிகா வலி நமக்குப் பழகிய ஒன்று. அண்மைக் காலமாக, "கைரோபிராக்டிக் என்று முதுகைச் சொடக்கெடுத்தால் சரியாகி விடுமாமே?" என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். அதற்கான விளக்கமே இக்கட்டுரை.

சயாட்டிகா என்றால் என்ன?

நம் உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. கீழ் முதுகில் புறப்பட்டு, பிட்டம் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, கிளைகளாகப் பாதம் வரை செல்கிறது. இதன் வேர்ப்பகுதி நசுங்கினாலோ, எரிச்சலுற்றாலோ, இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வது போல வலிக்கும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். மரத்துப்போதலும் இருக்கலாம். இருமினாலும் தும்மினாலும் வலி கூடும்.

சயாட்டிகா என்பது நோயின் பெயர் அன்று, அறிகுறியின் பெயர். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதே முக்கியக் காரணம். வயதானவர்களுக்கு நரம்பு செல்லும் பாதை குறுகிப்போவதாலும் வரும். அரிதாகக் கட்டி, கிருமித் தொற்று, எலும்பு முறிவு ஆகியவையும் காரணமாகலாம். எனவே காரணம் தெரியாமல் சிகிச்சை தொடங்குவது கணக்குப் பார்க்காமல் கடன் கொடுப்பதற்குச் சமம்.

கைரோபிராக்டிக் வந்த வழி

கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்ற பொருள் தரும் பெயர் இது. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். முதுகெலும்பு மூட்டுகளில் கையால் அளவோடு அழுத்தம் கொடுத்து அசைவைச் சீராக்குவதே இதன் அடிப்படை. அப்போது எழும் 'சொடக்' சத்தம் மூட்டுக்குள் உள்ள வாயுவால் வருவது. எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் அன்று. எல்லா நோய்க்கும் முதுகெலும்பே காரணம் என்ற பழைய கொள்கையை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்பதில்லை. ஆகவே சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் முதுகை அழுத்தியே குணமாக்குவதாகச் சொல்பவரிடம் போக வேண்டாம்.

பலன் உண்டா?

இத்தாலியில் ஜவ்வுப் பிதுக்கத்தால் சயாட்டிகா வந்த 102 பேரிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. முதுகெலும்புச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குக் கால்வலி முழுமையாக நீங்கியது. சிகிச்சை போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கே நீங்கியது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 192 பேர் பங்கேற்றனர். வீட்டுப் பயிற்சியோடு கைச்சிகிச்சையும் பெற்றவர்கள் 12 வாரங்களில் முந்தினர். ஓராண்டு முடிவில் கால்வலியில் அந்த வித்தியாசம் பெரிதாக நிற்கவில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-ல் தந்த வழிகாட்டுதலும், கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே செய்ய வேண்டும் என்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சயாட்டிகா வலி மூன்று மாதங்களுக்குள் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். இடையில் எந்த வைத்தியம் செய்தாலும் அந்த வைத்தியத்திற்குப் பெயர் கிடைத்துவிடும். எனவே ஒருவருக்குக் குணமானதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. இதன் பலன் உண்மையானது, ஆனால் அளவானது. இதைப் பல வழிகளில் ஒன்று என்று கொள்வதே சரி.

யார் செய்துகொள்ளக் கூடாது?

1. எலும்புத் தேய்மானம் முற்றி எலும்பு பலவீனமானவர்கள்.
2. எலும்பு முறிவு, புற்றுநோய், முதுகில் கிருமித் தொற்று உள்ளவர்கள்.
3. காலில் பலம் குறைந்துகொண்டே வருபவர்கள்.

இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ள வேண்டாம். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல்வலி இருப்பது சகஜம். சயாட்டிகாவுக்கு வந்தவரின் கழுத்தைத் திருகவேண்டிய தேவையே இல்லை. கழுத்தைத் திருகுவதால் அரிதாக இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீர் போகாமல் நின்றுவிடுதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்புறமும் மரத்தல், இரு கால்களிலும் வலியும் தளர்ச்சியும் – இவற்றில் ஒன்று தோன்றினாலும் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

போவதற்கு முன்

முதலில் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறியுங்கள். கைரோபிராக்டிக் படித்துப் பட்டம் பெற்றவரும், சுளுக்கு வழிப்பவரும் ஒருவரல்லர். எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். சோதித்துப் பார்க்காமலே கைவைப்பவரையும், முப்பது தடவைக்கு முன்பணம் கேட்பவரையும் தவிர்த்துவிடுங்கள். நான்கைந்து வாரத்தில் முன்னேற்றம் இல்லையேல் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

முழு ஓய்வாகப் படுத்துவிடாமல், தாங்கும் அளவுக்கு நடமாடுவதே நல்லது. அரைமணிக்கு ஒருமுறை கல்லாவை விட்டு எழுந்து நடங்கள். பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பாரம் எடுக்கும்போது முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்கவும். தூக்கியபடி இடுப்பைத் திருப்ப வேண்டாம். ஆண் தொழிலாளர் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துள்ளது. தள்ளுவண்டி ஒன்று வாங்கும் செலவு, ஒரு தொழிலாளியின் முதுகோடு ஒப்பிட்டால் செலவே அன்று. கல்லாவில் இருப்பவருக்கு வலி வந்தால் ஓய்வெடுக்க இடமுண்டு. சுமப்பவருக்கு வந்தால் அன்றைய கூலியே போய்விடும். இதை முதலாளிகளாகிய நாம் நினைவில் கொள்வோம்.