மின்னூற் கருவியும் நம் அன்றாட வாசிப்பும்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் காலை வேளையில் ஏறுவோர், ஒரு காலத்தில் இருக்கைதோறும் நாளிதழோ வார இதழோ விரிந்திருக்கக் கண்டிருப்பர். 1931ஆம் ஆண்டு முதல் மின்வண்டி ஓடிவரும் அவ்வழித்தடத்தில் இன்று காண்பன கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டேயிருக்கும் விரல்களே. இளையோர் வாசிப்பதில்லை எனக் கடிந்துரைப்பது எளிது. ஆயின், ஊரப்பாக்கத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் நாள்தோறும் வந்து செல்லும் நம் மாணவர் சிலரை வினவியபோது, நூலகத்தில் எடுத்த நூலின் பக்கங்களைப் படம் பிடித்துக் கைபேசியில் வைத்துப் படிப்பதாகக் கூறினர். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. சிறிதாக்கினால் கண் கூசுகிறது. இடையே அழைப்பு வந்தால் படித்த இடம் தவறிப்போகிறது. விருப்பம் இருக்கிறது, ஏற்ற ஏடுதான் கையில் இல்லை என்பது புலனாயிற்று. ‘மின்னூல் படிக்கும் கருவி வாங்கலாமா, ஐயா? எதை வாங்கலாம்?’ என்று அவர்கள் கேட்ட வினாவுக்கு நம் பட்டறிவு கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

மின்மை எனும் புதுமை

மின்கருவி எனப் பெயர் பெற்றிருப்பினும் இதன் திரை கைபேசித் திரையினின்றும் முற்றும் வேறுபட்டது. கைபேசி ஒளியைக் கண்ணை நோக்கி வீசுகிறது. இதுவோ தாளைப் போலத் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பிக் காட்டுகிறது. திரைக்குள் மயிரிழையளவே அகலமுடைய நுண்குமிழ்கள் எண்ணிறந்தன பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த நீர்மத்தில் வெண்துகளும் கருந்துகளும் மிதக்கின்றன. இருவகைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்றவை. மின்புலம் மாறுங்கால் ஒருவகை மேலெழ மற்றொன்று தாழும். மேலெழுந்த கருந்துகள்களே எழுத்தாகத் தோன்றுகின்றன. எழுந்தவை அடுத்த பக்கம் புரட்டும் வரை அங்கேயே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆதலின் ஒருமுறை மின்னேற்றினால், அளவாகப் படிப்போர்க்குச் சில வாரங்கள் வரை தாங்கும். நண்பகல் வெயிலில் நடைமேடையில் நின்று படித்தால் கைபேசி மங்கும். இக்கருவி மேலும் தெளிவு பெறும்.

இம்முறையை வணிகமாக வளர்த்த ஈ-இங்க் நிறுவனம் 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்திலிருந்து பிறந்தது. 2004இல் சோனி நிறுவனம் யப்பானில் இத்திரையுடைய கருவியை வெளியிட்டது. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் 399 டாலர் விலையில் வந்து, ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. இக்கருவி கண்ணுக்கு நன்மை தரும் என்று விளம்பரங்கள் கூறும். அதனை மருத்துவர் தீர்ப்புக்கு விட்டுவிட்டு, நீண்ட நேரம் தடையின்றிப் படிக்க முடிகிறது என்ற அளவில் நாம் அமைவோம்.

எதனைப் பார்த்து வாங்குவது?

தொடக்கநிலைக் கருவியே அன்றாட வாசிப்புக்குப் போதும் என்பது நம் துணிபு. ஆறு அங்குலத் திரை சட்டைப்பையில் அடங்காவிடினும் ஒரு கையில் அடங்கும். கொள்ளளவைப் பற்றிக் கவலுதல் வேண்டா. எழுத்து மட்டுமே உள்ள நூல் பெரும்பாலும் ஒரு மெகாபைட் அளவுக்குள் அடங்குவதால், நான்கு கிகாபைட் உள்ள பழங்கருவியிலும் ஒரு சிறு நூலகமே குடியிருக்கலாம். கருத வேண்டியது திரையின் செறிவு. ஓர் அங்குலத்தில் 167 புள்ளிகள் உள்ள திரையும் உண்டு, 300 புள்ளிகள் உள்ளதும் உண்டு. ஆங்கில எழுத்துக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. நம் எழுத்தில் மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளியும், ணகர னகரச் சுழிகளும் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் 300 உள்ளதைத் தேர்தலே நன்று. இரவில் படிப்போர்க்கு முன்விளக்கும் தேவை. இது திரையின் ஓரத்திலிருந்து அதன்மேல் ஒளியைப் படரவிடுவது; பின்னிருந்து கண்ணில் அடிப்பதன்று.

விலையை மறைக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவில் வெளியான கிண்டில் பேப்பர்வைட்டின் அறிமுக விலை ரூ.16,999. கல்லூரி மாணவர்க்கு இது சிறு தொகையன்று. ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்குவோர், அது பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுள்ளதா எனத் தம் கண்முன்னே நோக்குதல் வேண்டும். திரையின் உட்பகுதி மெல்லிய கண்ணாடியாதலின் கெட்டியான உறையும் இன்றியமையாதது. காலை எட்டரை மணி வண்டியின் நெரிசலைக் கருவி செய்தவர் அறிந்திருக்க நியாயமில்லை.

இவையெல்லாவற்றினும் முதன்மையான சோதனை ஒன்றுண்டு. வாங்குமுன் தமிழ் நூலொன்றை அதில் திறந்து பார்த்தல் வேண்டும். யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது எனினும், இடம் கிடைத்தலும் எழுத்துச் சரியாகத் தோன்றுதலும் ஒன்றல்ல. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்தின் முன்னும் துணைக்கால் பின்னும் அமைய வேண்டும். இவ்வொழுங்கு அறியாத பழங்கருவிகள் கொம்பை இடம் மாற்றியும், எழுத்துக்கு மாறாகக் கட்டங்களைக் காட்டியும் இடர் செய்தன. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர் குழு, ஈபப், மோபி வடிவங்களோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவிட்ட பி.டி.எஃப். கோப்பையும் நூல்தோறும் வெளியிட்டது இத்தகைய கருவியுடையோர்க்குப் பேருதவியாயிற்று. இம்முயற்சியின் பின்நிற்பது கணியம் அறக்கட்டளை.

ஹஜ்ரத் அவர்களின் சீறா

மேற்குத் தாம்பரத்தில் வாழும் முதியவர் ஒருவரை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். பள்ளிவாசலில் பல்லாண்டு இமாமாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; ரபீவுல் அவ்வல் மாதத்தில் சீறாப்புராணப் பாடல்களை இசையோடு ஓதி விளக்குவார். 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூர்ப் பகுதியில் புகுந்தபோது, உறவினர் இல்லத்தில் வைத்திருந்த அவருடைய நூல்கள் நனைந்து ஒட்டிக் கட்டியாயின. உமறுப்புலவரின் காப்பியமும் அவற்றுள் ஒன்று. பின்னர் வேறு படி கிடைத்தது. அதற்குள் கண் மங்கிவிட்டது. வளைகுடாவில் பணிபுரியும் மகன் மின்னூற் கருவி ஒன்றை வாங்கி வந்து தந்தார். அதனை நம்மிடம் நீட்டி, ‘தம்பி, இதிலே சீறா வருமா? எழுத்துப் பெரிசாகுமா?’ என்று ஹஜ்ரத் கேட்டார்.

‘ஆகும், ஹஜ்ரத்’ என்று சற்றே விரைந்து கூறிவிட்டோம். முதல் முயற்சி தோல்வியே. நாம் ஏற்றித் தந்தது அச்சுநூலை ஒளிவருடிய பி.டி.எஃப். கோப்பு. அது பக்கத்தின் நிழற்படமாதலால் பெரிய பக்கம் சிறிய திரைக்குள் ஒடுங்கி, எழுத்துகள் எறும்பு ஊர்வன போலத் தோன்றின. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் இழுக்க வேண்டியதாயிற்று. ஹஜ்ரத் ஒன்றும் கூறாமல் கருவியை உறையிலிட்டு வைத்துவிட்டார். அம்மௌனம் நம்மை உறுத்தியது.

பின்னரே நாம் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், திருக்குறளை முதலாகக் கொண்டு தமிழ் நூல்களைத் தன்னார்வலர் துணையால் தட்டச்சிட்டு இலவயமாக வழங்கி வருகிறது. சீறாப்புராணமும் அதில் உண்டு. இது நிழற்படமன்று, எழுத்துரு. ஆதலின் எழுத்தைப் பெரிதாக்குந்தோறும் வரிகள் தாமே மடங்கி அமையும். நம் மாணவர் ஒருவர் கேலிபர் என்னும் இலவய மென்பொருளால் அதனைக் கருவிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றித் தந்தார். கிண்டில் உடையோர் இங்கு ஒன்றை நினைவிற் கொள்க. 2022 முதல் ஈபப் கோப்பை மின்னஞ்சல் வழி அனுப்பினால் அமேசான் அதனை ஏற்று மாற்றித் தருகிறது. கம்பிவழி நேரே படியெடுத்து வைத்தால் கருவி அதனைத் திறவாது. கோபோ போன்ற கருவிகள் ஈபப் கோப்பை அப்படியே படிக்கும்.

எழுத்துப் பெரிதாயிற்று; எனினும் யாப்புக்கு ஓர் இடர் நேர்ந்தது. சீறாவின் பாடல்கள் பெரும்பாலும் விருத்தங்கள். அறுசீர், எண்சீர் அடிகள் ஆறு அங்குலத் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரியில் அடங்குவதில்லை. நான்கடிப் பாடல் எட்டு அல்லது பத்து வரியாகச் சிதறுகிறது. அடி எங்கே முடிகிறது, எதுகை எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. அருகிருந்த மாணவர் படித்தபோது அடிதோறும் தடுமாறினார். ஹஜ்ரத்தோ தடுமாறவில்லை. பாடலின் இசை அவர் செவியில் முன்னரே இருந்ததால், கண் முதற்சீரைப் பற்றியதும் நா தானே ஓடிற்று. கருவியைப் பக்கவாட்டில் திருப்பி அகலவாக்கில் வைத்தபின் மாணவர்க்கும் ஓரளவு வழி பிறந்தது. செய்யுள் படிப்போர் இவ்வமைப்பு உள்ள கருவியையே நாடுக. உரைநடைக்கு இவ்விடர் இல்லை.

ஆய்வாளர்க்கும் ஒரு சொல். எழுத்தளவு மாறுந்தோறும் பக்கம் மாறுவதால் மின்னூலின் பக்க எண்ணை மேற்கோளாகக் காட்டுதல் பயனற்றது. சீறாவாயின் காண்டம், படலம், பாடல் எண் ஆகியவற்றைத் தருக. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து எனும் மூன்று காண்டங்களில் 92 படலங்களும் 5027 பாடல்களும் உள்ள நூலில், பாடல் எண் தவறினால் தேடுவோர் பாடு பெரும்பாடு. தட்டச்சில் ரகரமும் துணைக்காலும் இடம் மாறிக் கிடத்தல் இன்றும் காணப்படுவதால், அச்சுப் படியோடு ஒப்பிடாமல் ஆய்வேட்டில் சேர்த்தல் ஆகாது.

நூலும் உரிமையும்

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தவர் நூல்களும், ஆசிரியரே உவந்து பொதுவில் அளித்தவையும் தடையின்றிப் பெறத்தக்கன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கப்பட்ட நூலகம் தளத்திலும் அரிய ஏடுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒளிவருடிய படங்களாதலின் பெரிய திரையிலோ கணினியிலோ படிக்கத்தக்கவை. 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தபின் இக்கால எழுத்தாளர் நூல்களும் விலைக்குக் கிடைக்கின்றன. வாழும் எழுத்தாளரின் நூலை யாரோ படியெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகின்றனர். நம் மாணவரும் அதனை வரவேற்கின்றனர். உழைத்தவரின் ஹக்கு அது. கைக்கு எளிதில் வந்ததனாலேயே ஹலால் ஆகிவிடாது.

விலை கொடுத்து வாங்கிய மின்னூலும் முழுதும் நமதன்று என்பதும் உண்மை. 2009 சூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களைப் பதிப்புரிமைச் சிக்கலால் அமேசான் வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அழித்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி ஏற்றும் வசதியையும் நிறுத்தியது. அச்சுநூலாயின் படித்தபின் தங்கைக்குத் தரலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம். ஆதலின் கருவி வாங்கினோம் என்று அலமாரியை ஒழித்துவிடுதல் அறிவுடைமையன்று. வெள்ளம் தாளை அழிக்கும். நிறுவனம் கோப்பை அழிக்கும். இரண்டும் இருக்கட்டும்.

தனித்தனியே வாங்க இயலாத நிலையில், நம் துறை நூலகம் இரண்டு மூன்று கருவிகளை வாங்கி, பாடத்திட்ட நூல்களுள் உரிமைத்தடை இல்லாதவற்றை ஏற்றி, நூலைப் போலவே இருவார இரவலுக்குத் தரலாம். முன்னாள் மாணவரும் ஊர்ப் பெரியோரும் நினைத்தால் இது அரிய செயலன்று. ஹஜ்ரத் அவர்கள் தம் கருவியை ரபீவுல் அவ்வல் முடிந்ததும் ஒரு திங்கள் நம் மாணவர்க்குத் தருவதாகக் கூறியுள்ளார்கள். படித்த இடத்தில் அடையாளம் இட்டிருப்பதாகவும், அதனை மட்டும் யாரும் மாற்றிவிட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்கள்.