ஃபைலைத் திருப்பிக் கொடு, கணக்கைக் கேள்

அன்புள்ள கயல்,

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்த சோஷியல் வொர்க்கர் மனசு பொறுக்காமல்தான் ஃபாஸ்டர் கேர் பையன் ஒருவனின் ஃபைலைப் பத்திரிகைக்காரியான உன்னிடம் கொடுத்திருப்பார். ஆனால் கலிபோர்னியாவில் ஃபாஸ்டர் கேர் பிள்ளைகளின் கோர்ட்டுக் காகிதம் ரகசியம். வெளியே வந்தால் முதலில் போவது அவர் வேலை. உன் கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு மனநல மருந்து கொடுக்கும் விஷயத்தையே விடச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளை முரளிக்கு நடந்ததைப் பார்த்த நான் அப்படிச் சொல்வேனா? வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று அவன் பள்ளிக்கூடம் ஆரம்பித்து வைத்தது. ஒரு மாத்திரை மூன்றாச்சு. பிள்ளை உடம்பு ஊதி, பேச்சே குறைந்துபோனான். யார், எதற்காக எழுதினார்கள் என்று உன் சித்தப்பா கேட்டதற்கு, ஃபைல் இல்லை என்று கைவிரித்தார்கள். மருந்துக்கடை ரசீதுகளை எடுத்து வைத்தேன். தேதி, அளவு, எழுதிய டாக்டர் எல்லாம் அதில் இருந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தார்கள். ஃபைல் தொலையும் கயல், பணம் கொடுத்த கணக்கு தொலையாது. பார்மசி கவுண்டரில் தலை நரைத்தவன் சொல்கிறேன்.

2014-இல் சான் ஹோசே மெர்குரி நியூஸ் பத்திரிகையில் நிருபர் கரென் டி சா போனதும் இந்த வழிதான். மாநில மருத்துவ உதவித் திட்டமான மெடி-கால் பணம் கொடுத்த மருந்துக் கணக்கை, பிள்ளைகளின் பெயர் இல்லாமல், பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டு, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கினார்கள். ஃபாஸ்டர் கேரில் இருந்த வளரிளம் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனநல மருந்து போயிருந்தது. ஜட்ஜ் அனுமதி வேண்டும் என்று 1999-இலேயே சட்டம் போட்டிருந்த மாநிலத்தில்! 2015-இல் புதுச் சட்டங்கள் வந்தன. ஒரே ஒரு பையனின் கதையாக இருந்திருந்தால், 'அது தனி விவகாரம்' என்று தள்ளியிருப்பார்கள்.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். 'எல்லா ஆவணமும் தா' என்று எழுதாதே. அந்த அரசு அலுவலகத்தின் கணினியில் என்னென்ன விவரம் பதிவாகிறது என்று முதலில் கேள். பிறகு வயதுவாரியாக, கவுன்டிவாரியாக, மருந்து வகைவாரியாகக் கேள். ஒரே சமயத்தில் இரண்டு ஆன்டிசைகாட்டிக் மருந்து வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை நாளைக்கு என்று தனியாகக் கேள். எண்ணிக்கை மிகச் சிறிதானால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும் என்று மறைப்பார்கள், அது நியாயம்தான். சின்னக் கவுன்டிகளைச் சேர்த்துக் கேள்.

கேட்ட 10 நாளில் வருவது தருவோமா மாட்டோமா என்ற பதில்தான். இன்னும் 14 நாள் தள்ளவும் வழி உண்டு. ஊரில் உங்கப்பா ஆர்.டி.ஐ. போட்டுவிட்டு கமிஷனுக்கு அப்பீல் போவாரே, அந்த வசதி இங்கே கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நீ ஜெயித்தால் வக்கீல் செலவு அவர்கள் தலையில்.

ஒன்று மட்டும். மாத்திரையே விஷம் என்று எழுதிவிடாதே. மாத்திரையால்தான் நிம்மதியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

முடிவு உன்னுடையது. அந்த ஃபைலை வைத்து அடுத்த வாரமே எழுதலாம். ரெண்டு நாள் பேசுவார்கள், அந்தப் பையன் காலத்துக்கும் அதைச் சுமப்பான். இல்லையென்றால் ஃபைலைத் திருப்பிக் கொடுத்து, கணக்கைக் கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கலாம். நான் இதில் தலையிட மாட்டேன்.

கிழவன் பிரசங்கம் பண்ணுகிறான் என்று கோபிக்காதே தாயி. நம் வீட்டில் உன் அளவுக்குத் துணிச்சல் யாருக்கும் இல்லை, எனக்கும்தான். நீ எழுதியது ஒன்று விடாமல் வெட்டி வைத்திருக்கிறேன். வாக்கிங் வருகிறவர்களெல்லாம் உன் பெயரை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, பெரியம்மா மீன்குழம்பு வைக்கிறாள். இன்னொன்று, கணக்கைப் பிரித்தெடுக்க புரோகிராமிங் செலவு என்று ஒரு தொகை கேட்பார்கள். உங்கள் பத்திரிகை முணுமுணுத்தால் என்னிடம் சொல், நான் கட்டுகிறேன்.

உன் பெரியப்பா